என் கைப்பைக்குள் ஒரு மதுரை!

மதுரைக்காஞ்சியை மதுரையில் நின்றுகொண்டு படித்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக நாலு வரி ஒப்பித்த கதையைக் கேட்கவில்லை. ராத்திரி ஒன்பதரை மணி, விளக்குத்தூண் முக்கு, ஒரு பக்கம் ஜவுளிக்கடை வெளிச்சம், இன்னொரு பக்கம் ஜிகர்தண்டாக் கடைக் கூட்டம், மல்லிகை வாசமும் பைக் புகையும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறுகிறது, அந்த இடத்தில், உள்ளங்கையில் இருக்கிற போனில், இந்த ஊரின் இப்படியொரு ராத்திரியை மாங்குடி மருதனார் என்கிற மனுஷர் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி எழுதி வைத்ததை, பைசா செலவில்லாமல் படித்திருக்கிறீர்களா? நான் படித்தேன். அன்றைக்கிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையேதான் பேசுகிறேன். இன்றைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள், முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்!

நான் கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறவள். காலையில் டேலியைத் திறந்தால் பில், வவுச்சர், இ-வே பில், ஜிஎஸ்டி என்று பொழுது போவதே தெரியாது. நடுவில் போன் சும்மா இருக்குமா? லாரி டிரைவர் அண்ணன் லொக்கேஷன் அனுப்புவார், கமுதி வியாபாரி ஜிபேயில் பணம் போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார், முதலாளி தராசுப் பக்கம் நின்றபடி என் போனை வாங்கி மைக் பொத்தானை அமுக்கி, "துவரைய அங்கிட்டு எறக்கிட்டு உளுந்த இங்கிட்டு ஏத்தச் சொல்லுப்பா" என்று குடோனுக்குச் சேதி சொல்வார். அவர் வாயால் சொல்லச் சொல்ல அது எழுத்தாய்த் திரையில் ஓடுகிறதே, அதை முதல் தடவை பார்த்த அன்றைக்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்று கைதட்டிவிட்டேன்! தமிழோடு சேர்த்து எட்டு இந்திய மொழிகளுக்கு இந்தக் குரல்வழித் தட்டச்சை 2017 ஆகஸ்டில் கூகுள் கொடுத்தது. எங்கள் கடையில் எழுதப் படிக்கச் சிரமப்படுகிற லோடுமேன் அண்ணன்கூட இப்போது பேரனுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாய்ச் சேதி அனுப்புகிறார். ணகர னகரம் அங்கங்கே மாறி விழும், விழுந்துவிட்டுப் போகட்டும், அர்த்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறதே!

ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரிய சங்கதி. என் அண்ணன் மகள் கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம், "அத்தை, இதப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒரு சுட்டி அனுப்பினாள். திறந்தேன். மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம். எல்லோரும் சுருக்கமாக ப்ராஜெக்ட் மதுரை என்கிறார்கள். நூல் பட்டியல் ஒன்று இருந்தது. கட்டைவிரலால் மேலே தள்ளுகிறேன், தள்ளுகிறேன், முடியவே மாட்டேன் என்கிறது! திருக்குறள், சிலப்பதிகாரம், பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, தேவாரம், கம்பன், நம்ம மீனாட்சி சொக்கருடைய அறுபத்து நாலு விளையாட்டையும் பாடிய பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம், பாரதி, பாரதிதாசன், கல்கியின் பொன்னியின் செல்வன், எல்லாம் வரிசையாய் நிற்கிறது. ரசம் ஆறிப் போனது. ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். நினைத்துப் பாருங்கள், ஒரு பருப்புக் கடையின் பின்கட்டில், உளுந்துத் தூசிக்கு நடுவில், ஒரு பெரிய நூலகத்தின் கதவு எனக்காகத் திறந்து கிடக்கிறது, உள்ளே வரச் சந்தா கேட்கவில்லை, உறுப்பினர் அட்டை கேட்கவில்லை, யார் நீ என்றுகூடக் கேட்கவில்லை!

இதைச் செய்தவர் யார் என்று தேடிப் பார்த்தேன். பார்த்தவுடன் பைத்தியம் இன்னும் முற்றிவிட்டது. சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் கல்யாணசுந்தரம் முன்னின்று, 1998 பொங்கல் நாளில் இதைத் தொடங்கியிருக்கிறார். 1998 எப்படிப்பட்ட காலம் என்று யோசியுங்கள். நம்மில் பாதிப் பேர் கணினியைக் கண்ணால் பார்த்திராத காலம். ஒரு கணினியில் அடித்த தமிழை இன்னொன்றில் திறந்தால் அதே எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் வெறும் கிறுக்கலாய்த் தெரிகிற காலம். அவரே மயிலை என்று ஒரு தமிழ் எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார். நூல்கள் முதலில் தனித்தனி எழுத்துருவை நம்பி ஏறின, அப்புறம் டிஸ்கி என்கிற பொதுக் குறியீட்டுக்கு மாறின, அப்புறம் யூனிகோடு. அந்த யூனிகோடு வந்ததால்தான் இன்றைக்கு எந்த ஊர்க் கடையில் வாங்கிய எந்தப் போனிலும் தனியாக ஒன்றும் ஏற்றாமல் வள்ளுவர் பளிச்சென்று தெரிகிறார். தட்டச்சு செய்தவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், உலகம் பூராவும் சிதறிக் கிடக்கிற தமிழர்கள். ஆபீஸ் முடிந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, பழைய புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாய் அடித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று பெயர் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்த பிறகுதான் உள்ளே போவேன்.

பேர் மட்டும் ஏன் மதுரை? சங்கம் வைத்த ஊர் என்பதால்! சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர்ப் பேரை வைத்திருக்கிறார் மனுஷர். 1901இல் பாண்டித்துரைத் தேவர் இங்கே நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினாரே, அதே தமிழ்ச் சங்கம் ரோட்டில்தான் நான் எத்தனையோ தடவை காய்கறிப் பையோடு நடந்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கம் போனால் தலை தானாக நிமிர்கிறது.

கல்கியை எப்படிச் சும்மா கொடுக்கிறார்கள் என்று எங்கள் முதலாளி வியாபாரிக்கே உரிய சந்தேகத்தோடு கேட்டார். நியாயமான கேள்விதான். எழுத்தாளர் காலமாகி அறுபது வருஷம் ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி நூல் எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. அதற்கு முன்னாலேயே பாரதியை 1949இல், கல்கியை 1999இல் என்று அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கியதால் அவையும் பொதுச் சொத்து. "அப்ப நெசமாவே ஓசியாம்மா?" என்றார். "நெசமாவே ஓசிதாண்ணே" என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே பார்த்திபன் கனவைத் திறந்து கொடுத்தேன், கல்லாவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவர் இரண்டு கொள்முதல் போனை எடுக்கவே இல்லை.

எனக்குப் படிக்கிற இடம் பஸ். திருப்பரங்குன்றத்தில் ஏறினால் பசுமலை, பழங்காநத்தம், ஆண்டாள்புரம் வழியாகப் பெரியார் வந்து சேர்கிற வரைக்கும் அது என் ராஜ்ஜியம். 2021 மே மாசத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, புத்தகத்துக்கும் காசு கிடையாது, இரண்டையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோர சீட்டும் கிடைத்துவிட்டால் என்னைவிடப் பணக்காரி இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை! அங்கேதான் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தேன். அடடா, அதை எப்படிச் சொல்வேன்! 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் ஐயர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று இவர் பெரிய பட்டியல் போடுகிறார், முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கூடை அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, போனுக்குள்ள தலைய விட்டுட்டு இந்த முழி முழிக்கிற, சீரியலா?" என்றார்.

"சீரியல் இல்லக்கா, அதுக்கும் மேல!" என்று கதையை ஆரம்பித்தேன். சுவடி தேடி அந்த மனுஷர் வண்டியிலும் ரயிலிலும் ஊர் ஊராய் அலைந்தது, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் போய்ச் சுவடி இருக்கிறதா என்று கேட்டால், பழசாய்ப் போனதையெல்லாம் ஹோமத் தீயில் போட்டுவிட்டோம் என்று சொன்னது வரைக்கும் சொன்னேன். அக்கா கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "அடப் பாவிகளா! எரிச்சுப்புட்டாய்ங்களா?" என்று சத்தம் போட்டதில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எரிச்சது போக மிச்சத்தத்தான்க்கா அவரு தேடித் தேடி அச்சுல ஏத்துனாரு." பெரியாரில் இறங்கும்போது அக்கா சொன்னது: "நாளைக்கும் இதே பஸ்ஸுல வா, மிச்சத்தச் சொல்லணும்." எனக்கு வேறென்ன வேண்டும்!

அந்த ஐயர் 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார், 1889இல் பத்துப்பாட்டை. அந்தப் பத்தில் ஒன்றுதான் மதுரைக்காஞ்சி. பத்திலும் நீளமானது, 782 அடி. தலையாலங்கானத்துப் போரில் ஜெயித்த பாண்டியன் நெடுஞ்செழியனுக்காகப் பாடியது. ஓலையிலிருந்து அச்சுக்கு வந்து, அச்சிலிருந்து யாரோ ஒரு புண்ணியவானின் விரல் வழியாகத் திரைக்கு வந்து, திரையிலிருந்து என் கைக்கு வந்திருக்கிறது.

இப்போது விளக்குத்தூணுக்கு வாருங்கள், என்னோடு கூட வந்து நில்லுங்கள். மார்ச் மாசக் கணக்கு முடிப்பு. கடையிலிருந்து கிளம்பவே ஒன்பது தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் வண்டியில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார், கோரிப்பாளையத்தில் நெரிசல், லேட்டாகும் என்று போன். சரி என்று போனில் மதுரைக்காஞ்சியைத் திறந்தேன். பகல் கடைவீதியை நாளங்காடி என்றும் ராத்திரிக் கடைவீதியை அல்லங்காடி என்றும் சொல்கிறார் மருதனார். நாளங்காடியில் விழாக் கொடிகள் ஆடுகின்றன, சங்கு அறுக்கிறவன், மணி துளைக்கிறவன், பொன்னை உரைத்துப் பார்க்கிறவன், புடவை விற்கிறவன், செம்பு நிறுக்கிறவன், ஓவியன், நெசவாளி என்று ஆள் ஆளாய் வந்து நிற்கிறார்கள். நிமிர்ந்து பார்க்கிறேன், என்னைச் சுற்றி நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை! எவ்வளவு வாங்கிப் போனாலும் குறையாது, எவ்வளவு கொண்டுவந்து கொட்டினாலும் மிகாது என்று ஊர்ச் சரக்கைச் சொல்கிறார், எனக்கோ எங்கள் குடோன் கண் முன்னால் வருகிறது. அல்லங்காடி இரைச்சலை, சாயங்காலம் கூடு திரும்புகிற பலவகைப் பறவைகளின் சத்தத்தோடு சேர்த்துச் சொல்கிறார். அந்த அடியில் போனைக் கீழே இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். "முழம் இருவது முழம் இருவது" என்று ஒரு குரல், ஷட்டரை இழுத்து விடுகிற சத்தம், ஷேர் ஆட்டோக்காரர் "ஆரப்பாளையம் ஆரப்பாளையம்" என்று அடித்தொண்டையில் கூப்பிடுவது, பரோட்டாக் கல்லில் கரண்டி தாளம் போடுவது, அத்தனையும் சேர்ந்து ஒரே ஓசையாய் மேலெழும்பி வருகிறது, ஐயோ, அவர் கேட்டது இதைத்தான், இதையேதான்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நடுரோட்டில் நின்று அழுதேன், அழுதபடி சிரித்தேன். அதற்குமேல் படிக்கிறேன், இரண்டாம் சாமம் வருகிறது, கடைகள் அடைபடுகின்றன, கூவியர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிகிறார்கள். கூவியர் யார்? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரைக்கும் தொகுத்து வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது, அதையும் அங்கேயே நின்றபடி திறந்தேன், லட்சத்துக்கும் மேற்பட்ட சொல்லில் நான் கேட்டது மட்டும் ஒரு நொடியில் வந்து நின்றது: அப்பம் விற்கிறவர்கள். தலையைத் தூக்குகிறேன். எதிரே பணியாரக் கடை அண்ணன் அடுப்பைத் தணித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணசந்திருக்கிறார்! சொன்னால் நம்புங்கள், அவரை எழுப்பி, அண்ணே உங்களைப் பற்றிப் பாட்டிலே வந்திருக்கிறது என்று சொல்லக் கால் பரபரத்தது, பாவம் அசதியில் இருக்கிறார் என்று அடக்கிக்கொண்டேன்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. விட்டேனா? பின்னால் உட்கார்ந்து பழங்காநத்தம் வரைக்கும் மூன்றாம் சாமத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். இருட்டில் கலக்கிற உடுப்பும் உளியும் நூலேணியுமாகத் திருடன் வருகிறான், அவனைவிட விவரமான ஊர்க்காவலர்கள் அம்பும் கையுமாக ரோந்து சுற்றுகிறார்கள். "நூலேணியா? அந்தக் காலத்துலயேவா?" என்று அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். தெருவிளக்கு வெளிச்சத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் விடியல் வரைக்கும் படித்தோம், பாட்டில் வருகிற விடியலைச் சொல்கிறேன், கதவுகள் கிறீச்சிட்டுத் திறக்க, சேவல் கூவ, முரசு முழங்க மதுரை விழிக்கிற அந்த இடம்.

மறுநாள் பஸ்ஸில் பூக்கூடை அக்காவுக்கு வேறொரு பகுதியைக் காட்டினேன். வெளுத்த கூந்தல் பாட்டிமார்கள் செப்பில் பண்டங்களும் மணக்கிற பூவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போகிற பகுதி. அக்காவுக்குத் தலை முழுக்க நரை. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், "எங்களப் பத்தியா எழுதிருக்காரு?" என்றார். "உங்களப் பத்தித்தான்க்கா." கூடையிலிருந்து அரை முழம் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார்.

இந்தக் கிறுக்கு அதோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே குகைத்தளத்தில் தமிழ் பிராமி எழுத்து. 1882இல் இராபர்ட் சீவல் கண்டு சொன்னது, 1965இல் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்கிற பெயரை இனங்கண்டார். காலத்தால் இன்னும் முந்தியவன், ஆனால் பேர் அதே பேர்! போன் கேமராவைப் பெரிதாக்கி எழுத்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். பிராமிக்கும் 2010இல் யூனிகோடில் இடம் கொடுத்துவிட்டார்கள், ஆக அந்தக் கல்லில் வெட்டிய எழுத்தை என் போனும் அறியும்.

கணக்குக்காரியான எனக்கு இன்னொரு பரவசமும் பாக்கி இருந்தது. எங்கள் கடைப் பரணில் முதலாளியின் தாத்தா காலத்துப் பேரேடு கிடக்கிறது, பழுப்பேறி, ஓரம் செல்லரித்து. அதில் எண்ணுக்குப் பக்கத்தில் சுழியும் கொக்கியுமாய் வினோதக் குறிகள். என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. 2019இல் யூனிகோடு தமிழுக்கென்று ஒரு துணைத் தொகுதி சேர்த்தது, அதில் 51 குறிகள், பழைய பின்னங்களும் அளவைகளும். அட்டவணையைப் போனில் வைத்துக்கொண்டு பரணில் ஏறி உட்கார்ந்தேன். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. ஒவ்வொரு குறியாய் ஒத்துப் பார்க்க, உளுந்தும் துவரையும் யாருக்கு எவ்வளவு போயிற்று என்று அந்தத் தாத்தா என்னிடம் நேராகப் பேசுகிற மாதிரி கணக்கு அவிழ்ந்து வந்தது! முந்நூற்று இருபதில் ஒன்றுவரைக்கும் விடாமல் எழுதியிருக்கிறாரே, எப்பேர்ப்பட்ட கணக்கர்! கீழே இறங்கி வந்து முதலாளியிடம் சொன்னபோது அவர் பேரேட்டை வாங்கி வேட்டித் தலைப்பால் துடைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். டேலியில் இத்தனை வருஷம் கணக்குத் தட்டி எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை.

மின்னூல்களில் அங்கங்கே ஒரு ரகரம் றகரமாகி இருக்கும், ஒரு கொம்பு விட்டுப் போயிருக்கும். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கைவலிக்க அடித்தவர்களின் கண் ஒரு இடத்தில் அசந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் குறித்து வைத்துத் தெரிவிக்கலாம், நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு ராத்திரி தூங்கப் போகுமுன் ப்ராஜெக்ட் மதுரை என்று தேடிப் பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், பத்து அடி புரியாவிட்டால் பதினொன்றாவது அடி புரியும். வீட்டில் கண் மங்கிய பெரியவர்கள் இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள், அல்லது போனையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் தட்டச்சத் தெரிந்தவர்கள் ஒரு பழைய நூலை எடுத்து வாரத்துக்கு இரண்டு பக்கம் அடியுங்கள், அடிக்க முடியாதவர்கள் மெய்ப்புப் பாருங்கள். சம்பளம் கிடையாது, முகப்பில் உங்கள் பெயர் வரும், அதைப் படித்துவிட்டு உள்ளே போக திருப்பரங்குன்றம் பஸ்ஸில் நான் ஒருத்தி இருக்கிறேன்.